தென்றலை நம்பிப் புறப்பட்ட கப்பல்



ஆழம் அறியாமல் காலை விடாதே என்று நம் முன்னோர் சொல்லி வைத்தார்கள். சிறு பிள்ளைக்கும் தெரிந்த பழமொழிதான். ஆனால் பழமொழி தெரிந்திருந்தும் காலை விட்டவர்களின் கதை உலகில் ஏராளம். அவற்றுள் ஒன்று வேதாகமத்திலேயே இடம்பெற்றிருக்கிறது. அப்போஸ்தலர் பணி நூலின் 27ஆம் அதிகாரத்தை எடுத்துப் பாருங்கள். அந்த அதிகாரம் முழுவதும் ஒரே ஒரு கப்பற் பிரயாணத்தைப் பற்றியது. காற்று, துறைமுகம், நங்கூரம், பாய், ஆழம் பார்க்கும் கயிறு என்று கடலோடி ஒருவர் எழுதியதைப் போலவே இருக்கும். கோயிலில் அதை வாசிக்கக் கேட்பது அரிது. ஆகையால் வீட்டிலே ஒரு மாலைப் பொழுதில், செபமாலைக்குப் பின், பிள்ளைகளையும் இருத்தி வாசியுங்கள். கரையோர மக்களாகிய நமக்கு அதை விளங்கிக்கொள்வதில் கஷ்டம் இராது.

புனித சின்னப்பர் அப்போது ஒரு கைதி. தம் வழக்கை உரோமைச் சக்கரவர்த்தியே விசாரிக்க வேண்டும் என்று அவர் கேட்டமையால், செசரியாவிலிருந்து கப்பல் ஏற்றப்பட்டார். கி. பி. 60ஆம் ஆண்டை அடுத்த காலம். கைதிகளுக்குப் பொறுப்பாக யூலியு என்னும் நூற்றுவர் தலைவன் வந்தான். வழியிலே மீரா பட்டினத்தில், அலெக்சாந்திரியாவிலிருந்து இத்தாலிக்குக் கோதுமை கொண்டு செல்லும் பெரிய கப்பலொன்றில் எல்லாரும் மாறி ஏறினார்கள். மாலுமிகள், போர்வீரர், கைதிகள் என்று மொத்தம் 276 பேர். எதிர்க்காற்றிலே நாட்கள் வீணாயின. கப்பல் ஊர்ந்து ஊர்ந்து கிரேத்தாத் தீவின் தென்கரையில் ‘நல்ல துறைமுகம்’ என்னும் இடத்தைப் பிடித்தது.

அங்கேதான் முடிவெடுக்கும் வேளை வந்தது. யூதரின் நோன்பு நாள் கழிந்துவிட்டது என்று புனித லூக்காஸ் குறித்து வைக்கிறார். அந்த நோன்பு செப்டெம்பர் கடைசியிலோ ஒக்டோபர் முற்பகுதியிலோ வருவது. செப்டெம்பர் நடுப்பகுதிக்குப் பிறகு மத்திய தரைக் கடலில் கப்பலோட்டுவது ஆபத்து என்பதும், நவம்பர் 11 முதல் மார்ச் 10 வரை கடலில் இறங்கவே கூடாது என்பதும் உரோமையரின் கணக்கு. இது அங்கிருந்த எல்லாருக்கும் தெரிந்த விஷயம்.

சின்னப்பர் எழுந்து எச்சரித்தார். இனிப் புறப்பட்டால் சரக்கும் போகும், கப்பலும் போகும், உயிருக்கும் மோசம் வரும் என்றார். அவர் பயந்தவர் அல்லர், பட்டவர். அதற்கு முன்னரே மூன்று முறை கப்பற் சேதத்தில் அகப்பட்டு, ஓர் இரவும் பகலும் நடுக்கடலிலே கிடந்தவர். கொரிந்தியருக்கு எழுதிய இரண்டாம் நிருபத்தில் அதைத் தாமே சொல்கிறார்.

ஆனால் கைதியின் பேச்சு எடுபடுமா? நூற்றுவர் தலைவன் கப்பலோட்டியின் சொல்லையும் கப்பற் சொந்தக்காரனின் சொல்லையும் பெரிதாக எண்ணினான். குளிர் காலத்தைக் கழிக்க அந்தத் துறை வசதியற்றது. மேற்கே ஏறக்குறைய 40 கடல் மைல் தொலைவில் பெனிக்ஸ் என்னும் நல்ல துறை இருந்தது. நல்ல காற்றிருந்தால் ஒரு நாட் பிரயாணம். போகலாம் என்று பெரும்பான்மையோர் கருத்துச் சொன்னார்கள். அந்நேரம் பார்த்துத் தென்றலும் மெல்ல வீசியது. இனி என்ன, நினைத்தது கைகூடியது என்று நங்கூரத்தைத் தூக்கினார்கள். சிறு படகைக்கூடக் கப்பலுக்குள் ஏற்றவில்லை. பின்னாலே கட்டி இழுத்துக்கொண்டு போனார்கள் என்று தெரிகிறது. அவ்வளவு நம்பிக்கை!

சற்று நேரத்தில் மலைப்பக்கமிருந்து யூராக்கிலோன் என்னும் புயற்காற்று இறங்கியது. நம் கடற்றொழிலாளர் வாடை என்று சொல்லும் வடகீழ்த் திசைக் காற்று அது. கப்பலைத் திருப்ப முடியவில்லை. காற்றின் போக்கிலே விட்டுவிட்டார்கள். கப்பல் பிளந்துவிடாதபடி கயிறுகளால் சுற்றிக் கட்டினார்கள். மறுநாள் சரக்கை எறிந்தார்கள். மூன்றாம் நாள் கப்பலின் தளவாடங்களை எறிந்தார்கள். பல நாட்களாகச் சூரியனையும் காணவில்லை, நட்சத்திரங்களையும் காணவில்லை. 40 மைல் போகப் புறப்பட்டவர்கள், 14ஆம் இரவிலே, ஏறக்குறைய 480 மைலுக்கு அப்பால், மால்டாத் தீவின் கரையோரம் நான்கு நங்கூரங்களை இறக்கிவிட்டு, எப்போது விடியும் என்று காத்திருந்தார்கள்.

தவறு நேர்ந்தது எப்படி?

அந்தத் துறைமுகத்தில் இருந்தவர்கள் கெட்டவர்களோ மூடர்களோ அல்லர். யூலியு சின்னப்பரிடம் அன்பு காட்டியவன். சீதோன் பட்டினத்தில் நண்பர்களைக் காண அவரை விட்டவன். பின் எங்கே பிழைத்தது?

முதலாவது, ஆபத்தைப் பற்றிக் கேட்க வேண்டிய இடத்தில் வசதியைப் பற்றிக் கேட்டார்கள். எந்தத் துறை பாதுகாப்பானது என்பதை விட்டு, எந்தத் துறை சொகுசானது என்று யோசித்தார்கள். இரண்டாவது, ஆதாயம் உள்ளவனின் யோசனையை ஆதாயம் இல்லாதவரின் யோசனைக்கு மேலாக வைத்தார்கள். கோதுமை இத்தாலிக்குப் போய்ச் சேர்ந்தால்தானே கப்பற்காரனுக்குக் காசு! மூன்றாவது, முதலில் வீசிய தென்றலைச் சம்மதத்தின் அடையாளமாக எடுத்துக்கொண்டார்கள். காற்று அன்று காலையில் எப்படி வீசியது என்பதல்ல, அந்தப் பருவத்தில் எப்படி வீசும் என்பதே கேள்வி. அதைக் கேட்பார் இல்லை.

இன்னொன்றையும் கவனியுங்கள். முடிவெடுத்தவர்கள் சிலர், கடலில் தத்தளித்தவர்கள் 276 பேர். கைதிகளிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை. ஆனால் கப்பல் தரை தட்டியபோது, நீந்தித் தப்பிவிடுவார்கள் என்று அஞ்சி அந்தக் கைதிகளைத்தான் கொன்றுவிடப் பார்த்தார்கள் போர்வீரர்கள். நூற்றுவர் தலைவன் தடுத்திராவிட்டால் சின்னப்பரின் நிருபங்கள் சில நமக்குக் கிடைத்திராமலே போயிருக்கும். யோசியாமல் எடுத்த முடிவுக்கு விலை கொடுப்பவர் பெரும்பாலும் அந்த முடிவை எடுத்தவர் அல்லர். இதுதான் இவ்விஷயத்திலே நம் மனச்சாட்சியைத் தொட வேண்டிய இடம்.

பனியிலே சிக்கிய குடும்பங்கள்

இது பழங்காலத்துக் கதை என்று யாரும் ஒதுக்கிவிட வேண்டாம். 1846ஆம் ஆண்டு அமெரிக்காவில் நடந்ததைக் கேளுங்கள். இல்லினோய் மாநிலத்திலிருந்து டொனர், றீட் என்னும் குடும்பங்கள் மாட்டு வண்டிகளில் கலிபோர்னியாவுக்குப் புறப்பட்டன. வேறு குடும்பங்களும் வழியிலே சேர்ந்தன. பழகிய பாதை ஒன்று இருந்தது. ஆனால் லான்ஸ்போர்ட் ஹேஸ்டிங்ஸ் என்பவர் அதற்கு முந்திய ஆண்டு வெளியிட்ட ஒரு வழிகாட்டி நூலிலே, குறுக்குப் பாதை ஒன்று உண்டு என்று எழுதியிருந்தார். 300 மைலுக்கு மேல் மிச்சமாகும் என்று பேச்சு. நூலை எழுதியபோது அவர் அந்தப் பாதையால் போனதே இல்லை.

ஜேம்ஸ் கிளைமன் என்னும் அனுபவசாலி அந்த வழியை நேரிலே பார்த்துவிட்டு எதிர்த்திசையில் வந்துகொண்டிருந்தார். லாரமிக் கோட்டையில் றீட்டைச் சந்தித்து, வண்டிப் பாதையை விட வேண்டாம், அந்தக் குறுக்கு வழி வேண்டாம் என்று சொன்னார். றீட் கேட்கவில்லை. கிட்டிய வழி இருக்கத் தூர வழியால் போவானேன் என்பது அவர் எண்ணம்.

குறுக்கு வழி என்ன செய்தது? மலையிலே வண்டி செல்லப் பாதையே இல்லை; மரம் வெட்டிப் பாதை திறக்க வேண்டியதாயிற்று. ஏறக்குறைய 40 மைல் என்று சொல்லப்பட்ட உப்புப் பாலைவனம் 80 மைலாக நீண்டது. தண்ணீர் இல்லாமல் மாடுகள் சிதறியோடின. மிச்சமாகும் என்ற வழி, பழைய பாதையிலும் 125 மைல் அளவு கூடியதாக முடிந்தது. கடைசி மலைத்தொடரை அடைந்தபோது பனி முந்திக்கொண்டது. மலைக் கணவாயின் அடியிலே குளிர்காலம் முழுவதும் சிக்கினார்கள். உணவு தீர்ந்து, மாட்டுத் தோலை அவித்துக் குடித்து, இறுதியிலே சொல்லக் கூசும் நிலைக்கும் சிலர் தள்ளப்பட்டார்கள். கூட்டத்திலே 87 பேர். உயிர் தப்பியவர்கள் ஏறக்குறைய 48 பேர். அங்கே சிக்கியவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் 18 வயது நிரம்பாதவர்கள். அவர்களிடம் எந்தப் பாதை என்று யார் கேட்டார்கள்?

அந்தக் குடிசைகளில் ஒன்றிலே பேட்ரிக் பிரீன் என்னும் ஐரிஷ் கத்தோலிக்கர் தம் குடும்பத்தோடு செபித்துக்கொண்டிருந்தார். றீட்டின் வீட்டுப் பிள்ளை வெர்ஜினியாவுக்கு 13 வயது. தகப்பனை மீண்டும் காணக் கிடைத்தால் நான் கத்தோலிக்கராவேன் என்று அவள் நேர்ந்துகொண்டாள். பின்னாளில் அப்படியே ஆனாள். உயிர் தப்பியபின் தன் உறவுப் பெண்ணுக்கு எழுதிய கடிதத்திலே அவள் கொடுத்த புத்தி இரண்டே விஷயம்: குறுக்கு வழியில் போகாதீர்கள், வழியிலே சுணங்காதீர்கள். பெரியவர்கள் கற்காததை ஒரு சிறுமி கற்றுக்கொண்டாள்.

நம் வீட்டு வாசலில்

பிரியமானவர்களே, ஹேஸ்டிங்ஸைப் போன்றவர்கள் இன்றும் இருக்கிறார்கள். தாம் போகாத பாதையை மற்றவருக்கு விற்கிறார்கள். தகப்பன் காணியை ஈடு வைக்கிறார். தாய் தாலிக்கொடியைக் கழற்றிக் கொடுக்கிறாள். மகன் எந்த நாடுகளால், எந்தக் கப்பலில், யாருடைய பொறுப்பில் போகப் போகிறான் என்று கேட்டால், அதெல்லாம் முகவருக்குத் தெரியும் என்பதே விடை. 2022 நவம்பரிலே 300க்கும் மேற்பட்ட இலங்கையரை ஏற்றிய கப்பலொன்று நடுக்கடலில் ஆபத்துக்குள்ளாகி, அவ்வழியே வந்த வேறொரு கப்பலால் மீட்கப்பட்டு, அவர்கள் வியட்நாமிலே இறக்கப்பட்டதை நாம் அறிவோம். கடலிலே ஏறியவர்களைக் குறை சொல்ல நான் இதைச் சொல்லவில்லை. அவர்களைத் துரத்திய துன்பம் கடவுளுக்குத் தெரியும். ஆனால் பிள்ளையை அனுப்பு முன், நேரிலே அறிந்த ஒருவரிடம், பணத்தில் பங்கில்லாத ஒருவரிடம், ஒரு கேள்வி கேட்கக்கூடாதா? அதற்கு ஒரு மாதம் தாமதித்தால் குடிமுழுகிவிடுமா?

இனிச் சிறிய விஷயங்களுக்கு வருவோம். விமானச் சீட்டிலே 15ஆம் திகதி 00.30 மணி என்றிருக்கும். 15ஆம் திகதி இரவு என்று எண்ணிக்கொண்டு பிள்ளைகளோடும் பெட்டிகளோடும் போய் நிற்பார்கள். விமானமோ முந்திய நள்ளிரவு கழிந்து அரை மணியிலேயே போயிருக்கும். 14ஆம் திகதி மாலையிலேயே வீட்டை விட்டிருக்க வேண்டும். கடவுச்சீட்டிலே ஒரு பெயர், பயணச்சீட்டிலே இன்னொரு எழுத்து. பல நாடுகள் கடவுச்சீட்டு இன்னும் ஆறு மாதமாவது செல்லுபடியாக வேண்டும் என்று கேட்கின்றன. அதைப் பார்த்தவர் யாருமில்லை. ஒரு நிமிட நேரப் பார்வை இல்லாமையால் ஓர் ஆண்டின் சேமிப்புக் கரைகிறது. தாயின் கடைசி நாளுக்கு வந்து சேர வேண்டிய மகன் அடக்கம் முடிந்தபின் வந்து சேருகிறான். மடுத் திருவிழாவுக்கு வாகனம் ஒழுங்கு செய்பவர், சாரதி முதல் நாள் இரவு நித்திரை கொண்டாரா என்று கேட்கிறாரா? தீவுக்குப் படகு விடுபவர், இன்னும் பத்துப் பேரை ஏற்றலாம் என்று சொல்லும்போது, வேண்டாம் என்று சொல்ல நம்மில் எத்தனை பேருக்கு வாய் வருகிறது?

கடவுள் பார்த்துக்கொள்வாரா?

கடவுள் பார்த்துக்கொள்வார் என்று சிலர் பக்தியோடு சொல்லிவிடுவார்கள். இங்கேதான் நாம் மிகவும் கவனமாக இருக்க வேண்டும். தேவாலயத்தின் உச்சியிலே நிறுத்தி, கீழே குதியும், சம்மனசுகள் தாங்குவார்கள் என்று ஆண்டவரிடம் சொன்னது யார்? பிசாசு. ஆண்டவர் குதிக்கவில்லை. கடவுளைச் சோதிக்கக் கூடாது என்று மறுத்தார். கவனக்குறைவுக்கு விசுவாசம் என்று பெயர் சூட்டுவது அந்த உச்சியிலிருந்து குதிப்பதற்குச் சமம்.

கோபுரம் கட்டப் போகிறவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்குப் பார்க்க வேண்டாமா என்று கேட்டவரும் நம் ஆண்டவரே. தலையான நான்கு புண்ணியங்களுள் விவேகத்தைத் திருச்சபை முதலாவதாக எண்ணுகிறது. பிறரிடம் கேட்டுக் கற்கும் பணிவு அந்த விவேகத்தின் ஒரு பகுதி என்று புனித தோமஸ் அக்குவினாஸ் போதிக்கிறார். கேட்பது வெட்கமல்ல, அது புண்ணியம்.

சின்னப்பரையே பாருங்கள். கப்பலில் உள்ள ஒருவரும் சாக மாட்டார்கள் என்று சம்மனசு அவருக்கு வாக்குக் கொடுத்திருந்தது. ஆயினும் மாலுமிகள் இரகசியமாகப் படகிறக்கித் தப்பப் பார்த்தபோது, இவர்கள் கப்பலில் நில்லாவிட்டால் நீங்கள் பிழைக்க மாட்டீர்கள் என்று நூற்றுவர் தலைவனை எச்சரித்தார். கடவுளின் வாக்கை நம்பியவர், கப்பலுக்கு மாலுமி வேண்டும் என்பதை மறக்கவில்லை. நம்பிக்கையும் கவனமும் அவரிடத்திலே ஒன்றாக இருந்தன.

தவறிய பின்

இவ்வளவும் தவறு நேருமுன் கேட்க வேண்டியவை. நேர்ந்துவிட்டால்? வீட்டிலே அப்போதுதான் உண்மையான புயல் தொடங்குகிறது. நான் அப்போதே சொன்னேன் என்று மனைவி. உன் தம்பிதானே ஒழுங்கு செய்தான் என்று கணவன். பணம் ஒரு முறை போகிறது. சமாதானமோ ஆண்டுக்கணக்கில் போகிறது.

நான் சொன்னதைக் கேட்டிருக்கலாம் என்று சின்னப்பரும் சொன்னார். ஆனால் ஒரே ஒரு தரம் சொன்னார். உடனே, தைரியமாயிருங்கள் என்றார். பதினான்கு நாட்களாகச் சரியாகச் சாப்பிடாமல் இருந்தவர்களின் நடுவே அப்பத்தை எடுத்து, கடவுளுக்கு நன்றி சொல்லி, பிட்டுத் தாமும் உண்டு, அவர்களையும் உண்ணச் செய்தார். தம் எச்சரிக்கையைத் தட்டியவர்களுக்கே அதைச் செய்தார்.

றீட்டையும் நினைத்துப் பாருங்கள். அவர் பிழை ஒன்றல்ல. வழியிலே நடந்த ஒரு சச்சரவில் ஒருவரைக் குத்திக் கொன்று, கூட்டத்திலிருந்தே விலக்கப்பட்டார். முன்னே போய்ச் சேர்ந்த அவர் தாம் பிழைத்தது போதும் என்று இருந்துவிடவில்லை. உணவோடு திரும்ப முயன்றார், பனி தடுத்தது. 1847இலே மீட்புக் குழுவொன்றைக் கூட்டிக்கொண்டு அந்த மலைக்கே மீண்டும் ஏறினார். தம் பிள்ளைகளையும் பிறர் பிள்ளைகளையும் மீட்டுவர உழைத்தார். செத்தவர்களை அவரால் எழுப்ப முடியாது. ஆனால் தம்மால் இயன்ற பரிகாரத்தைச் செய்தார்.

தேவதாயும் புனித சூசையப்பரும் ஜெருசலேமிலிருந்து திரும்பியபோது, பாலன் யேசு வழிப்பயணிகளோடு இருப்பார் என்று எண்ணி ஒரு நாட் பிரயாணம் நடந்துவிட்டார்கள். இல்லை என்று கண்டபின் அவர்கள் ஒருவரையொருவர் கடிந்துகொண்டதாக லூக்காஸ் எழுதவில்லை. தேடிக்கொண்டு திரும்பிப் போனார்கள் என்றே எழுதுகிறார். அந்தத் திருக்குடும்பத்தின் வழி நமக்கும் வழியாகட்டும்.

மால்டாக் கரையிலே 276 பேரும் உயிரோடு கரையேறினார்கள். நீந்தத் தெரிந்தவர் நீந்தியும், தெரியாதவர் பலகைகளைப் பிடித்துக்கொண்டும். கடவுள் உயிர்களைக் கொடுத்தார். கப்பலைத் திருப்பிக் கொடுக்கவில்லை. மன்னிப்புப் பெற்றாலும் இழப்பு இழப்புத்தான். அதை அறிந்து, அடுத்த முறை புறப்படுமுன் மூன்று கேள்வி கேளுங்கள். இந்த வழியை நேரில் அறிந்தவரிடம் விசாரித்தேனா? யோசனை சொல்பவருக்கு இதிலே ஆதாயம் உண்டா? நான் தவறினால் விலை கொடுக்கப் போவது யார்? கடைசிக் கேள்விக்கு விடையாக உங்கள் பிள்ளையின் முகம் வந்து நின்றால், தென்றல் எவ்வளவு இனிதாக வீசினாலும், நங்கூரத்தைத் தூக்குவதற்கு முன் இன்னொரு தரம் கேட்டுப் பாருங்கள். அப்படிக் கேட்பதும் அயலாரை நேசிக்கும் கற்பனையின் ஒரு பகுதியே.

கடலிலும் தரையிலும் ஆகாயத்திலும் பிரயாணம் செய்யும் அனைவரையும் நம் ஆண்டவர் காப்பாராக. அவர்களை அனுப்பி வைக்கும் நமக்கு விவேகத்தைத் தந்தருள்வாராக. ஆமென்.